பேண்ட் உடையாம பாத்துக்கறது எப்படி, உடைஞ்சாலும் ரசிகர்களை இழக்காம இருக்கறது எப்படி

ராக் பேண்ட் சண்டைன்னாலே ஈகோ, குடி, போதை, காதல் தகராறுன்னு தான் எல்லாரும் பேசறாங்க. அதெல்லாம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா பெரிய பெரிய பேண்ட் உடைஞ்ச கதையை ஒவ்வொண்ணா எடுத்து படிச்சீங்கன்னா அடியில மூணே விஷயம் தான் திரும்ப திரும்ப வரும். பாட்டுல யார் பேரு வருது, காசு யாருக்கு எவ்ளோ, பேண்ட் பேரு யாருக்கு சொந்தம். இந்த மூணையும் எல்லாரும் சந்தோஷமா இருக்கற காலத்துலயே பேசி எழுதி வெச்சுட்டா மிச்ச சண்டை எதுவும் பேண்டை கொல்லாது. அப்புறம் இன்னொண்ணு, உங்க சண்டைக்கு ரசிகர்களை ஆள் சேக்காதீங்க. இந்த ரெண்டு விஷயத்துக்காக தான் இதை எழுதறேன், சொந்தமா பாட்டு போட ஆரம்பிச்சு, நாலு காசு வர ஆரம்பிச்ச எந்த பேண்டுக்கும் இது பொருந்தும்.

பாட்டு முடிஞ்ச அன்னிக்கே எழுதிடுங்க

முதல்ல காசு எப்படி வருதுன்னு எல்லாருக்கும் புரியணும். ஒரு பாட்டுக்கு ரெண்டு வழியில காசு வரும். வரியும் மெட்டும் போட்டவங்களுக்கு வர்ற ராயல்டி ஒண்ணு, அது தனி. வாசிச்சு ரெக்கார்ட் பண்ணதுக்கு, ஷோவுக்கு, டீ-ஷர்ட்டுக்கு வர்றது இன்னொண்ணு. ரெண்டாவதை எல்லா பேண்டும் பிரிச்சுக்கறாங்க, சண்டை பெரும்பாலும் முதல்ல சொன்னதுல தான் ஆரம்பிக்குது, ஏன்னா ஒரே மேடையில ஒரே வேர்வை சிந்தி வாசிச்ச நாலு பேர்ல ஒருத்தர் வீடு வாங்குவாரு, இன்னொருத்தர் வாடகை கட்டிட்டு இருப்பாரு, அந்த இன்னொருத்தருக்கு ஏன்னே புரியாது.

குயின் பேண்டோட கதை இதுக்கு நல்ல உதாரணம். 1975ல 'போஹீமியன் ராப்சடி' சிங்கிளா, அதாவது தனி பாட்டு ரெக்கார்டா வந்து இங்கிலாந்துல 9 வாரம் நம்பர் ஒன்ல இருந்துச்சு. அந்த ரெக்கார்டோட பின்பக்கம் டிரம்மர் ரோஜர் டெய்லர் எழுதின ஒரு பாட்டு இருந்துச்சு. ரெக்கார்டு ஒண்ணு வித்தா ரெண்டு பக்கத்துக்கும் எழுதினவங்க ராயல்டி ஒரே மாதிரி தான், அதனால ஜனங்க பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி எழுதின முன்பக்க பாட்டுக்காக வாங்கினாலும் டெய்லருக்கும் சம அளவு காசு போச்சு. சட்டப்படி அதுல ஒரு தப்பும் இல்ல, ஆனா அது பேண்டுக்குள்ள ரொம்ப நாள் உறுத்தலா இருந்துச்சு. கடைசியில 1989ல வந்த ஆல்பத்துல இருந்து எல்லா பாட்டையும் யார் எழுதினாலும் குயின்னு ஒரே பேருல போட்டாங்க. அதுக்கப்புறம் எந்த பாட்டு சிங்கிளா வரணும்ங்கறதுல காசு கணக்கு போய், எது நல்ல பாட்டுங்கற பேச்சு மட்டும் நின்னுச்சு.

ஆர்.இ.எம். ஆரம்பத்துல இருந்தே அப்படி தான், நாலு பேர் பேரும் எல்லா பாட்டுலயும், முடிவு எடுக்கறதுல ஒருத்தர் வேண்டாம்னா வேண்டாம் தான். எனக்கு இந்த முறை ரொம்ப பிடிக்கும். ஆனா எல்லா பேண்டுக்கும் இதே சரின்னு சொல்ல மாட்டேன். உங்க பேண்டுல உண்மையிலேயே ஒருத்தர் மட்டும் தான் எழுதறாருன்னா அவருக்கு பாதி, மிச்ச பாதியை அவரையும் சேத்து எல்லாருக்கும் சமமா பிரிக்கறது நியாயமா இருக்கும். அது வெறும் காசு விஷயம், அதுக்காக எல்லாரும் ஆளுக்கு மூணு பாட்டு எழுதியே தீரணும்னு போனா என்ன ஆகும்னு க்ரீடென்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல் காட்டிட்டாங்க. ஜான் ஃபோகர்ட்டி தான் அங்க எல்லாமே, எழுதறது பாடறது ப்ரொட்யூஸ் பண்றது எல்லாம், மத்தவங்க பேசறதை அவர் காதுலயே வாங்கல, சொந்த அண்ணன் டாம் 1971ல வெளிய போயிட்டாரு. அதுக்கப்புறம் மிச்ச ரெண்டு பேருக்கும் பாட்டு எழுத, பாட பங்கு குடுத்து 1972ல ஒரு ஆல்பம் வந்துச்சு, விமர்சகர்கள் கிழிச்சுட்டாங்க, அந்த வருஷமே பேண்டு முடிஞ்சுது. 21 வருஷம் கழிச்சு 1993ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல சேக்கறாங்க, அந்த மேடையில கூட ஃபோகர்ட்டி பழைய பேஸிஸ்ட் (பேஸ் கிதார் வாசிக்கறவர்), டிரம்மர் ரெண்டு பேரோட வாசிக்க மாட்டேன்னுட்டாரு. அவங்க பாட்டை வேற ஆளுங்க தான் அவரோட வாசிச்சாங்க.

சரி, செய்ய வேண்டியது இது தான். பாட்டு முடிஞ்ச அன்னிக்கு ரிஹர்சல் ரூமை விட்டு போறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல பாட்டு பேரு, தேதி, வரி யாரு எத்தனை சதவீதம், மெட்டு யாரு எத்தனை சதவீதம்னு எழுதி எல்லாரும் கையெழுத்து போட்டு போட்டோ எடுத்து எல்லார் ஃபோன்லயும் வெச்சுக்கோங்க. கூட்டினா 100 வரணும். ரிஃப் (பாட்டுல திரும்ப திரும்ப வர்ற சின்ன கிதார் துண்டு) கொண்டு வந்தது கிதாரிஸ்ட், அதுக்கு ஒரு பங்கு உண்டா இல்லையான்னு அன்னிக்கே பேசி முடிச்சுடுங்க, ஆறு மாசம் கழிச்சு யாருக்கும் ஞாபகம் இருக்காது, ஒவ்வொருத்தருக்கும் தனக்கு சாதகமா தான் ஞாபகம் வரும். இந்தியாவுல இருக்கறவங்க ஐபிஆர்எஸ்ல (வரி, மெட்டு போட்டவங்களுக்கு ராயல்டி வசூலிச்சு தர்ற அமைப்பு) பாட்டை பதியும்போதும் இந்த தாள் கையில இருந்தா வேலை சுலபம்.

வாய்ப்பேச்சை நம்பி இருக்கவே இருக்காதீங்க. தி ஸ்மித்ஸ் பேண்டுல பாட்டு எழுதின காசை விட்டுட்டு மிச்ச வருமானத்துல பாடகர் மோரிஸிக்கும் கிதாரிஸ்ட் ஜானி மாருக்கும் ஆளுக்கு 40 சதவீதம், பேஸிஸ்ட் ஆண்டி ரூர்க்குக்கும் டிரம்மர் மைக் ஜாய்ஸுக்கும் ஆளுக்கு 10 சதவீதம். இதுக்கு ஒழுங்கான எழுத்து ஒப்பந்தம் கிடையாது. பேண்டு 1987ல உடைஞ்சுது, 1996ல ஜாய்ஸ் போட்ட கேஸ் கோர்ட்ல வந்தப்ப அவருக்கு சம பங்கு, அதாவது 25 சதவீதம்னு தீர்ப்பு. நாலு பேரும் மறுபடி சேந்து வாசிக்கவே இல்ல, ரூர்க் 2023ல இறந்தும் போயிட்டாரு, இனி நடக்கவும் போறதில்ல.

பேரு யாருக்கு

இது பெருசா யாருக்கும் தோணாத விஷயம், ஆனா ரசிகர்களை நேரடியா அடிக்கறது இது தான். 1973 கடைசியில ஃப்ளீட்வுட் மேக் சொந்த பிரச்சனையால டூரை பாதியில நிறுத்திட்டாங்க. பேண்டு பேரு தன்னோடதுன்னு சொல்லி அவங்க மேனேஜர் க்ளிஃபர்ட் டேவிஸ் 1974 ஆரம்பத்துல சம்பந்தமே இல்லாத வேற ஆட்களை ஃப்ளீட்வுட் மேக்னு சொல்லி அமெரிக்கா டூர் அனுப்பிட்டாரு! டிக்கெட் வாங்கி வந்தவங்க மேடையில யாரையுமே அடையாளம் தெரியாம கத்த ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் கோர்ட்டுக்கு போய் இழுத்துச்சு, ஒரிஜினல் பேண்டால கொஞ்ச காலம் டூரே போக முடியல.

பின்க் ஃப்ளாய்டுலயும் இதே தான். 1985ல ராஜர் வாட்டர்ஸ் வெளிய வந்தாரு, நான் போனா பேண்டு முடிஞ்சுதுன்னு நினைச்சாரு, டேவிட் கில்மரும் நிக் மேசனும் நாங்க தொடருவோம்னாங்க, 1986ல வாட்டர்ஸ் கோர்ட்டுக்கு போனாரு, 1987 கடைசியில சமாதானம். பல வருஷம் கழிச்சு 2013ல பிபிசி பேட்டியில கேஸ் போட்டது தப்புன்னு அவரே சொல்லிட்டாரு.

அதனால ஒரு பக்கத்துக்கு இதை எழுதி வெச்சுக்கோங்க. வெளிய போறவரு பேண்டு பேரை பயன்படுத்த முடியாது, ஆனா "முன்னாள் டிரம்மர்"னு போட்டுக்கலாம். எத்தனை பேர் மிச்சம் இருந்தா பேரை தொடரலாம், அதுக்கு கீழ போனா பேரை விட்டுடணும். மேனேஜர் பேருல எதுவும் பதியக்கூடாது. இன்னிக்கு காலத்துல பேருன்னா இன்ஸ்டா, யூடியூப் சேனல், ஸ்பாட்டிஃபை அக்கவுண்ட், மெயில் ஐடி எல்லாம் தான், பாஸ்வேர்ட் ஒரே ஆள்கிட்ட இருந்தா பேண்டே அவர்கிட்ட இருக்குன்னு அர்த்தம். குறைஞ்சது ரெண்டு பேர்கிட்டயாவது இருக்கணும், ஓடிபி வர்ற நம்பர் யாருடையதுன்னும் பாத்துக்கோங்க.

சண்டை வந்தே தீரும், எப்ப எங்க போடறதுங்கறது தான் விஷயம்

ஷோ அன்னிக்கு பேசக்கூடாதுன்னு ஒரு விதி வெச்சுக்கோங்க. சவுண்ட் செக் ஆரம்பிச்சதுல இருந்து பொருளை எல்லாம் வண்டியில ஏத்தற வரைக்கும் இசை சம்பந்தப்பட்ட விஷயம் தவிர வேற பஞ்சாயத்து கிடையாது. 1980 ஜூலை 31, லாங் பீச்ல ஈகிள்ஸ் வாசிக்கறாங்க, ஒரு செனட்டரோட தேர்தலுக்கு நிதி திரட்டற ஷோ. ஷோவுக்கு முன்னாடி செனட்டர் நன்றி சொன்னப்ப கிதாரிஸ்ட் டான் ஃபெல்டர் சொன்ன பதில் அவர்கூட வாசிக்கற க்ளென் ஃப்ரேக்கு சுருக்குன்னு பட்டுடுச்சு. அவ்ளோ தான் ஆரம்பம். அப்புறம் மேடையில இனிமையா ஹார்மனி பாடிட்டே ரெண்டு பாட்டுக்கு நடுவுல ஒருத்தர்கிட்ட ஒருத்தர் போய் இன்னும் மூணு பாட்டு தான் பாக்கி, அப்புறம் இருக்கு உனக்குன்னு மிரட்டிட்டு இருந்தாங்க. அந்த ராத்திரியோட பேண்டு 14 வருஷத்துக்கு காணாம போச்சு. அந்த வருஷம் வர வேண்டிய லைவ் ஆல்பத்தோட ஹார்மனியை சரி பண்ண கூட ஒரே ரூம்ல உக்கார முடியாம ஃப்ரே லாஸ் ஏஞ்சலஸ்லயும் மத்தவங்க மயாமியிலயும் இருந்துக்கிட்டு டேப்பை கூரியர்ல அனுப்பி வாங்கினாங்க.

ஷோ முடிஞ்சு மறுநாள் சாப்பிட்டு தூங்கி எழுந்து, நேர்ல, சம்பந்தப்பட்டவர்கிட்ட மட்டும் பேசுங்க. வாட்ஸ்அப் குரூப்ல பேசாதீங்க, ஸ்க்ரீன்ஷாட் ஆகாத மெசேஜ்னு ஒண்ணு இல்லவே இல்ல. மூணு பேர் சேந்து நாலாவது ஆளை பத்தி தனி குரூப் ஆரம்பிச்சீங்கன்னா பேண்டு அன்னிக்கே உடைஞ்சாச்சு, சொல்றதுக்கு தான் நாளாகும்.

புதுசா வந்தவரை ரொம்ப கவனமா பாத்துக்கோங்க. மெட்டாலிகாவுல 1986ல பஸ் விபத்துல பேஸிஸ்ட் க்ளிஃப் பர்ட்டன் இறந்ததும் ஜேஸன் நியூஸ்டெட் வந்தாரு. மத்தவங்க தங்களோட துக்கத்தை எல்லாம் அவர் மேல கிண்டலாவும் சீண்டலாவும் காட்டினாங்க, 1988ல வந்த ஆல்பத்துல அவரோட பேஸ் கிதார் காதுக்கே கேக்காத அளவுக்கு குறைச்சு வெச்சாங்க. இருந்தும் 14 வருஷம் தாக்கு பிடிச்சாரு. தனியா எக்கோபிரெய்ன்னு ஒரு சின்ன பேண்டு பண்ணிக்கறேன்னாரு, பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் முடியாதுன்னாரு, 2001 ஜனவரியில ஆள் கிளம்பிட்டாரு. அந்த சமயத்துல பேண்டு சண்டையை தீக்க மாசம் 40,000 டாலர் குடுத்து ஒரு ஆலோசகரை வெச்சுக்கிட்டாங்க, அந்த நாட்களை படமாவும் எடுத்து 2004ல வெளிய விட்டாங்க. அந்த படத்துல எனக்கு மனசுல நின்ன இடம், 2003ல புது பேஸிஸ்ட் ராபர்ட் ட்ரூஹியோவை சேக்கும்போது முன்பணமா பத்து லட்சம் டாலர் தர்றோம்னு சொல்றது, நீ எங்களுக்கு ஒப்புக்கு வாசிக்கற ஆள் இல்ல, எங்கள்ல ஒருத்தன்னு சொல்றது. அவர் இன்னும் அங்க தான் இருக்காரு. உங்ககிட்ட அவ்ளோ காசு இருக்காது, பரவாயில்ல, புதுசா வந்தவருக்கு முதல் நாள்ல இருந்தே ஓட்டு குடுங்க, பங்கு குடுங்க, மிக்ஸ்ல அவர் கருவி கேக்குதான்னு பாருங்க. தனி ப்ராஜெக்ட் பண்றவங்களை தடுக்காதீங்க, ஷோ தேதி மோதக்கூடாதுன்னு மட்டும் சொல்லி வைங்க.

ஒருத்தரை அனுப்பியே ஆகணும்னு வந்தா நேர்ல சொல்லுங்க, அதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது எச்சரிச்சிருக்கணும், பாக்கி காசை அன்னிக்கே செட்டில் பண்ணுங்க, அவர் எழுதினதுல அவர் பேரு அப்படியே இருக்கும்னு உறுதி குடுங்க. 1983 ஏப்ரல்ல மெட்டாலிகாவுல கிதார் வாசிச்ச டேவ் மஸ்டேனை காலையில தூக்கத்துல இருந்து எழுப்பி நீ பேண்டுல இல்லைன்னு சொல்லி நியூயார்க்ல இருந்து கலிஃபோர்னியாவுக்கு பஸ் ஏத்தி விட்டாங்க. அவர் போய் மெகாடெத் ஆரம்பிச்சு ஜெயிச்சாரு, ஆனா அந்த பஸ் பயணத்தோட வலியை பல வருஷம் பேட்டிக்கு பேட்டி சொல்லிட்டே இருந்தாரு.

ரசிகர்கிட்ட எப்படி நடந்துக்கறது

உள்ள இருக்கற புகைச்சல் ரசிகர் மேல வந்து விழும், இதுக்கு பின்க் ஃப்ளாய்டை விட தெளிவான உதாரணம் எனக்கு தெரியல. 1977 ஜூலை 6, மான்ட்ரியால் ஒலிம்பிக் ஸ்டேடியம், டூரோட கடைசி ஷோ. பேண்டுக்குள்ள யாரும் யார்கூடவும் சரியா இல்ல, ஸ்டேடியம் சத்தம் வேற, முன்னாடி கத்திக்கிட்டு மேடை பக்கம் ஏறி வந்த ஒரு ரசிகர் மூஞ்சியில வாட்டர்ஸ் எச்சில் துப்பிட்டாரு. அப்புறம் தன் மேலயே அருவருப்பு வந்து, எனக்கும் கேக்கறவங்களுக்கும் நடுவுல ஒரு சுவரே இருக்குங்கற யோசனையில இருந்து 'தி வால்' பிறந்துச்சு. 1980, 81ல அதை மேடை ஏத்தினப்ப நிஜமாவே பேண்டுக்கும் கூட்டத்துக்கும் நடுவுல அட்டை செங்கல்ல சுவர் கட்டினாங்க. அதுக்குள்ள கீபோர்ட் வாசிச்ச ரிக் ரைட்டை பேண்டுல இருந்து நீக்கிட்டு அந்த ஷோக்களுக்கு மட்டும் சம்பளத்துக்கு வெச்சிருந்தாங்க. செலவு எக்கச்சக்கம், ஷோ நஷ்டம், மூணு முதலாளிங்களும் கையை விட்டு காசு போட, சம்பளக்காரரு ரைட் மட்டும் காசோட வீட்டுக்கு போனாரு. அவ்ளோ நல்ல இசை அதுல இருந்து வந்துச்சு, அதை நான் மறுக்கல, ஆனா துப்பு வாங்கினவர் டிக்கெட் வாங்கி வந்த ஒரு பையன், அதை மறக்க எனக்கு மனசு வரல.

மேடையில கோவம் வந்தா பாட்டை நிறுத்திட்டு செக்யூரிட்டியை கூப்பிடுங்க, நீங்க இறங்காதீங்க. 1991 ஜூலைல செயின்ட் லூயிஸ் பக்கம் ஒருத்தர் கேமரா வெச்சிருக்காருன்னு கன்ஸ் அண்ட் ரோஸஸ் பாடகர் ஆக்ஸல் ரோஸ் கூட்டத்துக்குள்ள பாஞ்சாரு, அப்புறம் ஷோவையே விட்டுட்டு போனாரு, கலவரம் ஆகி பல பேருக்கு அடி.

உங்க பக்கம் நியாயம் இருந்தாலும் ரசிகர் பேரை லிஸ்ட் போடாதீங்க. மெட்டாலிகா ஆரம்பத்துல வளந்ததே 1982 டெமோ கேசட்டை ரசிகர்கள் காப்பி எடுத்து கைக்கு கை மாத்தினதால தான். 2000ல வெளிவராத பாட்டு ஒண்ணு நாப்ஸ்டர் (ஜனங்க நெட்ல பாட்டை இலவசமா பகிர்ந்துக்கிட்ட சர்வீஸ்) வழியா கசிஞ்சுதுன்னு கேஸ் போட்டாங்க, அது அவங்க உரிமை, நான் அவங்க பக்கம் தான். ஆனா மே மாசம் அவங்க டிரம்மர் லார்ஸ் உல்ரிக் 3,35,435 பேரோட யூசர் பேரை அட்டைப்பெட்டியில கொண்டு போய் நாப்ஸ்டர் ஆபீஸ்ல இறக்கி இவங்களை எல்லாம் நீக்குங்கன்னாரு. அந்த லிஸ்ட்ல இருந்தவங்க அவங்க பாட்டை தேடி வந்தவங்க. நிறுவனத்தோட சண்டை போடுங்க, ரசிகரோட போடாதீங்க.

க்ரேட்ஃபுல் டெட் நேர் எதிரா பண்ணாங்க. 1971லயே ஒரு ஆல்பம் அட்டையில யார் நீங்க, எங்க இருக்கீங்க, பேரும் விலாசமும் அனுப்புங்கன்னு கேட்டு சொந்தமா ஒரு ரசிகர் பட்டியல் சேத்தாங்க, 1980கள்ல அந்த ரசிகர்களுக்கு தபால்லயே டிக்கெட் வித்தாங்க, 1984ல இருந்து ஷோவை ரெக்கார்ட் பண்றவங்களுக்குன்னே தனி இடம் ஒதுக்கினாங்க, மாத்திக்கலாம், விக்கக்கூடாது, அது ஒண்ணு தான் விதி. நீங்களும் இன்ஸ்டா ஃபாலோயரை மட்டும் நம்பாம ஒவ்வொரு ஷோவுலயும் டீ-ஷர்ட் விக்கற மெர்ச்சு டேபிள்ல ஒரு நோட்டு வெச்சு விருப்பப்பட்டவங்க மெயிலை வாங்குங்க. அந்த பட்டியல் பேண்டோட பொது சொத்துன்னு பேரு யாருக்குன்னு எழுதின தாள்லயே எழுதிடுங்க, அதை வெளிய யாருக்கும் குடுக்காதீங்க.

ரசிகர் டிஎம் விஷயத்துல பேண்டு முழுக்க ஒரே விதி இருக்கணும். 18 வயசுக்கு கீழ இருக்கறவங்களோட தனியா பேசறது, பேக்ஸ்டேஜ் கூப்பிடறது எதுவும் கிடையாது, மீறினா அன்னிக்கே வெளிய. எவ்ளோ நல்லா வாசிக்கறவரா இருந்தாலும் சரி.

ஆள் போறாங்க, இல்ல பேண்டே முடியுதுன்னா எப்படி சொல்றது? எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே அறிக்கை, ஒரே நேரத்துல, எல்லார் அக்கவுண்ட்லயும். 2011 செப்டம்பர் 21 ஆர்.இ.எம். அப்படி தான் வெப்சைட்ல நண்பர்களாவே முடிச்சுக்கறோம்னு போட்டாங்க, யார் மேலயும் பழி இல்ல, ரசிகர்களுக்கு நன்றி, அவ்ளோ தான். கொஞ்சம் இப்படி இருந்தா போதும்:

"கார்த்தி இன்னியோட பேண்டுல இருந்து விலகறாரு. இது நாங்க எல்லாரும் பேசி எடுத்த முடிவு. அவர் வாசிச்ச பாட்டெல்லாம் அவர் பேரோட தான் இருக்கும். 14ஆம் தேதி ஷோ நடக்கும், டிக்கெட் வேண்டாம்ங்கறவங்க இந்த லிங்க்ல முழு காசையும் திருப்பி வாங்கிக்கலாம். அவரையோ எங்களையோ தயவு செஞ்சு யாரும் திட்ட வேண்டாம்."

காரணம் சொல்லணும்னு அவசியம் இல்ல. பொய் மட்டும் சொல்லாதீங்க, "ஓய்வு எடுக்கறாரு"ன்னு சொல்லிட்டு பத்து நாள்ல அவர் வேற பேண்டுல வாசிச்சா அடுத்து நீங்க சொல்ற எதையும் யாரும் நம்ப மாட்டாங்க. லைவ் போட்டு அழாதீங்க, ஜாடையா ஸ்டோரி போடாதீங்க. நீங்க ஒரு வரி போட்டா உங்க ரசிகர்ல சின்ன பசங்க போய் அந்த ஆளோட வீட்டு ஆளுங்க கமெண்ட் வரைக்கும் கிழிப்பாங்க, அது உங்க கட்டுப்பாட்டுல இருக்காது. ஒயாசிஸ் 2009 ஆகஸ்ட் 28 பாரிஸ்ல கூட்டம் காத்துட்டு இருக்கும்போதே உள்ள அண்ணன் தம்பி சண்டையில உடைஞ்சுது. அண்ணன் நோயல் அன்னிக்கு ராத்திரியே விலகறேன்னு அறிக்கை விட்டாரு, அதுலயே பாரிஸ், கொன்ஸ்டன்ஸ், மிலான் ஷோவுக்கு டிக்கெட் வாங்கினவங்ககிட்ட மன்னிப்பும் கேட்டாரு, அது மரியாதை. அதுக்கப்புறம் பல வருஷம் லியாம் ட்விட்டர்ல அண்ணனை உருளைக்கிழங்குன்னு திட்டிட்டே இருந்தது ரசிகர்களை ரெண்டு கட்சியா பிரிச்சது தான் மிச்சம்.

திரும்ப சேர்ற நாள் வந்தா டிக்கெட் விலையை நீங்களே உக்காந்து பாருங்க. 2024 ஆகஸ்ட் 31 ஒயாசிஸ் ரீயூனியன் டிக்கெட் விக்கும்போது மணிக்கணக்குல ஆன்லைன் வரிசையில நின்னவங்களுக்கு சுமார் 150 பவுண்டுன்னு சொன்ன டிக்கெட் கிட்ட போனதும் 355 பவுண்டு ஆயிருந்துச்சு. விலை ஏத்தற அந்த முறை வரப்போறது எங்களுக்கு தெரியாது, அதை ஷோ நடத்தற ப்ரமோட்டரும் மேனேஜ்மென்டும் தான் பாத்துக்கிட்டாங்கன்னு பேண்டு தரப்புல சொன்னாங்க. உங்களுக்கு அந்த நிலைமையே வரக்கூடாது. 1994ல பேர்ல் ஜாம் டிக்கெட் 18.50 டாலர், சர்வீஸ் சார்ஜ் 1.80க்கு மேல கூடாதுன்னு டிக்கெட் விக்கற நிறுவனமான டிக்கெட்மாஸ்டரோட மோதி அமெரிக்க காங்கிரஸ் கமிட்டி வரைக்கும் போய் பேசினாங்க, கேஸ் ஜெயிக்கல, டூரும் திண்டாடிச்சு, ஆனா அவங்க ரசிகர்கள் இன்னிக்கும் அவங்களை விட்டு போகல. ப்ரமோட்டர் நீட்டற ஒப்பந்தத்துல உச்ச விலை எவ்ளோ, சர்வீஸ் சார்ஜ் எவ்ளோ, விலை நடுவுல மாறுமா, ஷோ ரத்தானா எத்தனை நாள்ல காசு திரும்பும்னு நாலையும் கேட்டு எழுதி வாங்கிட்டு, அதே நாலையும் டிக்கெட் திறக்கறதுக்கு முந்தின நாள் உங்க பேஜ்லயும் போட்டுடுங்க.